தூபம்: லூர்துபிரகாஷ் உபயம்

– கதவ சாத்துக்கா. எல்லாரும் என்னையே பாக்குறாங்க.

– யாரும் பாக்கலடா பிரகாசு. காப்பி குடிச்சிட்டு இருக்காங்க. அம்மாவ இப்பதான் அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கோம். புள்ள உள்ள பூந்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?

– நான் வரல. கல்லறையில மண்ணு போடறப்பகூட சொல்தா மாமா மூக்குல கைக்குட்டைய வச்சிக்கிட்டுதான் நின்னாரு. பிரான்சு பட்டாளத்துல இருந்த மனுசன். நான் அந்தாண்ட திரும்பிக்கிட்டேன்.

– அழுதிருப்பாரு.

– அழுவல, இருமினாரு. பூசையில ஃபாதர் பெட்டிய சுத்தி தூபம் காட்டுனாரு பாரு, கோயிலே இருமுச்சி. பாடற புள்ளைங்க பாதியில நிறுத்திட்டுதுங்க. அம்மா முகத்துக்கு மேல கறுப்பு பொகை... டயர கொளுத்துன மாதிரி. எல்லாம் தூபக்கால் மூட்டற இந்த கோயில்பிள்ளை சூசை அண்ணனால. கரி ஈரமா இருந்திருக்கும். அதான் அங்கயே நல்லா கேட்டு விட்டேன்.

– கரி நல்லாதான் இருந்துச்சி.

– அப்ப சாம்பிராணி டப்பா மாறிப்போயிருக்கும்.

– மாறல. மூணு ராசாங்க படம் போட்ட உன் டப்பாதான்.

– அக்கா, கேளு கேளு. என் சரக்கு பியூர்னா பியூர்...

– தம்பி, இங்க நான் மட்டுந்தான் இருக்கேன். உன் ஒயிட் டவுன் கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் ஒண்ணு சொல்லுவியே. அத எங்கிட்ட சொல்லு.

– இப்பவாக்கா?

– இப்பதான்.

– அரபு தேசத்துல ஒரு மரம். கீறிவிட்டா பாலா வடியும், காஞ்சா கல்லாயிடும். ஒட்டகத்து மேல ஏத்தி ஊரூரா கொண்டுபோவாங்க. பொன்னோட சேத்து வச்சி கொழந்த ஏசுவுக்கே ராசாங்க கொண்டாந்த பொருளு. எகிப்துல ராசா செத்தா, உடம்பு கெடாம இருக்க இந்த மாதிரி பிசின், எண்ணெயெல்லாம் பூசித்தான் பொதைப்பாங்க. ரோமாபுரி கப்பல்ல நம்ம அரிக்கமேட்டுக்கே வந்து எறங்குச்சி...

– அத யாரு உனக்கு சொன்னா?

– அது... நானா சேத்துக்கிட்டது. ஊரு பேர சொன்னா வாங்குவாங்க.

– சரி. தட்டாஞ்சாவடி செட்டுல என்னத்த கலக்கற? சொல்லுடா.

– மரத்தூளு. கரித்தூளு. கொஞ்சம் சென்ட்டு.

– கடையில விக்கறியே, அந்த எண்ணெ பாட்டிலு?

– பாரபின் எண்ணெ. எசன்ஸு ரெண்டு சொட்டு விடுவேன்.

– அதத்தான் அம்மா முட்டி வலிக்கு தேய்ச்சிக்கிட்டாங்க. எம்புள்ள குடுத்த மருந்துன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினாங்க.

– போதும்க்கா. காதுல கேக்க முடியல.

– நானும் கேக்கணும்னு கேக்கல.

– நெசத்த வாங்கிப் போட்டா கட்டுப்படி ஆவுமா? இந்த தொழில்ல எல்லாரும் அப்படித்தான். ஆனா ஒண்ணு, கோயில்ல இதுவரைக்கும் ஒருத்தரும் குத்தம் சொன்னதில்ல. ஒவ்வொரு திருவிழாவுக்கும் "தூபம் லூர்துபிரகாஷ் உபயம்"னு மைக்குல படிக்கறாங்க. வாசனை மனசுல நிக்கிதுன்னு ஃபாதரே என் கையப் புடிச்சி சொன்னாரு. அதுவும் பொய்யா?

– அது நெசந்தான். வாசனை நல்லாதான் இருந்துச்சி.

– அப்பறம் இன்னிக்கி மட்டும் ஏன் இப்படி?

– இன்னிக்கிதான்டா மொத தடவையா உன்னுது எரிஞ்சிது.

– என்னாக்கா சொல்ற?

– நீ டப்பாவ கோயில்ல குடுத்துட்டு போனதும், பின்னாடியே அம்மா போவாங்க. உன் தூள கொட்டிட்டு, நாட்டு மருந்துக் கடையில பாத்து பாத்து வாங்குன பால் சாம்பிராணிய அதுல நெரப்பி வப்பாங்க. அப்பாவோட மில்லு பென்ஷன் அதுக்குத்தான் போச்சி.

– சூசை அண்ணனுக்கு தெரியுமா?

– அவருதான் அலமாரி சாவி குடுப்பாரு.

– ஐயோ... அவரையா நான் அத்தினி பேரு எதிர்ல திட்டினேன்? ஒரு வார்த்த திருப்பி சொல்லலியே அந்த மனுசன்.

– அம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்காரு. தலைய குனிஞ்சிக்கிட்டு வாங்கிக்கிட்டாரு.

– என்கிட்ட ஏன்க்கா சொல்லல? ஒரு தடவ கேட்டிருந்தா...

– கேட்டா நீ கோயில் பக்கமே வராம போயிடுவன்னு பயந்தாங்க.

– அம்மா படுக்கையில விழுந்ததுக்கு அப்பறம்? இந்த ஈஸ்டருக்குகூட வாசனையா இருந்துச்சே?

– நான் மாத்தினேன்.

– அப்ப இன்னிக்கி வேணும்னே விட்டுட்ட. எனக்கு புத்தி வரணும்னு. அதுக்கு அம்மா பெட்டிதான் கெடைச்சுதா உனக்கு?

– இந்தா, முந்தானையில முடிஞ்சிருக்கேன், மோந்து பாரு. மனசு கேக்காம நல்ல சாம்பிராணிய எடுத்துக்கிட்டுதான் கோயிலுக்கு வந்தேன். டப்பாகிட்ட போயி நின்னேன். கை வரல.

– ஏன்க்கா?

– அம்மா கடைசியா எங்கிட்ட சொன்னது அதுதான்டா. "சாமிக்குத்தான் மாத்தினேன்டி. எனக்கு மாத்திடாத. எம்புள்ள எத குடுக்கறானோ, எனக்கு அதுவே போதும்."