காசியில் மதினி விட்டது

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "எங்க மதினி, காசியில புளிச்சோத்த விடுதேன்னு சொல்லித்தான் கெளம்புனா."

காசிக்குப் போகிறவர்கள் தின்கிற பண்டம் ஒன்றைக் கங்கையில் விட்டுவிட வேண்டும்; பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது.

"புளிச்சோத்தையா? ஏன்க்கா?"

"டூரிஸ்ட் பஸ்ஸுக்குன்னு நான் ஒரு ஜாடி புளிக்காய்ச்சல் கொண்டுபோனேன். பதினஞ்சு நாளும் இதையா திங்கன்னு சிரிச்சா. அவ ஒரு டின் நெறைய இட்லி அவிச்சு, சூடு ஆறாமலே மூடிட்டா."

"உள்ள வேர்த்திருக்குமே."

"ரெண்டாம் நாளே ஊசிப்போச்சு. பெறகு பஸ் நிக்குத எடத்துல எல்லாரும் சோறு மட்டும் வடிப்போம். ஈரக் கரண்டி பட்டா காய்ச்சல் கெட்டிரும்லா, அதனால கரண்டி என் மடியிலயேதான் இருந்துச்சு. வேணுங்கிறவ என்கிட்டதான் கேக்கணும்."

"மதினி கேட்டாளா?"

"தெனம் ரெண்டு வேளை."

கண்டக்டர் வந்து நின்றார். அந்த அம்மாள் அவரைக் காக்க வைத்தாள்.

"அப்பம் கங்கையில என்னத்தத்தான் விட்டா?"

"மூணு முங்கு போட்டா. எந்திச்சு என் மூஞ்சியப் பாத்தா. சொரக்காய விடுதேன்னுட்டா."