சீரியல் பல்பும் தலைவர் உரையும்

நடு நாற்காலியில் மாலையும் மோருமாக வீற்றிருக்கும் எங்கள் மன்றத் தலைவர், மைக்கைப் பிடித்தால் மறுநாள்தான் விடுவார் என்று பேரெடுத்த ஓஸ்வால்ட் அங்கிள் அவர்களே! அவர் பேசும்போது கண்களை மூடி ஆழ்ந்து சிந்திக்கும் பெரியோர்களே! குறட்டை விடாமல் சிந்திக்கும் வெகு சிலரே! பிள்ளைகளை மேடையில் பார்க்க வந்து, மாலை முழுக்க மாலை போடுவதையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! மண்டபத்தைப் பூட்ட, சாவிக் கொத்தோடு வாசலில் நிற்கும் அர்ஜுனன் அண்ணா அவர்களே! அழைக்காமலே வந்து அனைவரையும் கடிக்கும் காக்ஸ் டவுன் கொசுக்களே! பி.யூ.சி. முதலாண்டு படிக்கும் ஜூலியாவின் பணிவான... வேண்டாம், பணிவு என்றால் அம்மா சிரிப்பார். வெறும் வணக்கம்!

பார்த்தீர்களா? வணக்கம் சொல்வதற்குள்ளேயே வாய் வறண்டுவிட்டது. போன ஆண்டு விழாவில் இப்படித்தான் ஒவ்வொருவரும் விளித்தார்கள், விளித்தார்கள், விடாமல் விளித்தார்கள். முடிவில் என்ன ஆனது? அர்ஜுனன் அண்ணா சாவியை ஆட்டினார், நாடகம் போனது. அதற்கு முந்தைய ஆண்டு? அதே சாவி, அதே ஆட்டம், நாடகம் போனது. என் தோழி லவினா, இரண்டு ஆண்டுகளாக ராணி வேடம் கட்டி, ஒரு வசனம்கூடப் பேசாமல் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனவள். உலகத்திலேயே சோப்பிடம் தோற்ற ஒரே ராணி! இதோ, இன்றும் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். கிரீடத்தைக் காட்டு லவினா! போதும், உள்ளே போ.

அதற்காகத்தான் நானும், அதோ சவுண்டு பெட்டியருகே நிற்கும் என் வகுப்புத் தோழன் தருணும், எங்கள் முதல் வலைச்செயலியைக் கட்டினோம். அதற்கு ரியாக்ட் என்று ஒரு நிரல் நூலகம். புத்தகம் இல்லாத நூலகம், ஆகவே தருணுக்குப் பிடித்துவிட்டது. அதில் எதையும் சின்னச் சின்ன உறுப்பாக எழுதி, பிறகு கோக்க வேண்டும். ஒரு பல்பை ஒருமுறை எழுதினோம். என் பின்னால் திரையில் எரிகிறதே சீரியல் செட், அத்தனையும் அந்த ஒரே பல்பின் பிள்ளைகள். உங்கள் போனில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. தமிழில் ‘போதும்’, கன்னடத்தில் ‘சாக்கு’. தமிழில் சாக்கு என்றால் பேசுகிறவர் முடிக்காமல் இருக்கச் சொல்வது! திரையில் ஆளுக்கொரு பல்பு. நீங்கள் அமுக்கினால் உங்கள் பல்பு அணையும். எல்லாப் பல்பும் அணைந்தால் தருண் மைக்கை அணைப்பான்.

தலைவரிடம் சொன்னேன். சிரித்தார். “ஏம்மா ஜூலியா, என்னை நிறுத்தறதுக்கு பட்டனா? மொதல்ல அது உன்ன நிறுத்தட்டும். அப்புறம் நானும் அதுக்குக் கட்டுப்படறேன்” என்றார். ஆகவே அவையோரே, நான் பேச வரவில்லை. நிறுத்தப்பட வந்திருக்கிறேன்!

ஆனால் திரும்பிப் பார்க்கிறேன். ஒரு பல்பு அணைந்திருக்கிறதா? என்ன ஃபாத்திமா ஆன்ட்டி? “பாவம், கொழந்த பேசட்டும்”ஆ? உங்க பாசத்துல நாடகம் நாசம் ஆன்ட்டி!

ஒத்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். தருண் பேசினான். நாங்கள் எல்லாரும் அமுக்கினோம். அவரவர் போனில் பல்பு அணைந்தது. மேடைத் திரையிலோ அத்தனையும் ஜகஜோதி! “பாருங்கடா, எல்லாம் எரியுது. என் பேச்சு அவ்ளோ சூப்பர்!” என்றான். “டேய், அமுக்கி அமுக்கி வெரலே தேஞ்சு போச்சு, எறங்குடா!” என்று கத்தினோம். “ஒந்து நிமிஷ!” என்று கன்னடத்தில் கெஞ்சி மறுபடி ஆரம்பித்தான். நாங்கள் எல்லாருக்கும் பல்பு கொடுக்கப் போய், அன்று எங்களுக்கே பல்பு.

தவறு என்ன? ஒவ்வொரு பொத்தானும் தன் சேதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. எல்லாருக்கும் தெரிய வேண்டியதை மேலே இருக்கும் பெற்றோர் உறுப்பிடம்தான் வைக்க வேண்டுமாம். பெற்றோர் கொடுப்பதைப் பிள்ளை வாங்கிக்கொள்ளலாம். கைவைத்து மாற்றக் கூடாது. மேலே ஏதாவது சொல்வதற்கும், பெற்றோரே ஒரு வழி கொடுத்திருந்தால்தான் உண்டு. அப்படியே மாற்றி எழுதிவிட்டோம். இந்த விதியை எழுதியவர் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், அமுக்குங்கள்! இது செயலியின் கோளாறு மட்டும்தானா? இந்த மண்டபத்தின் கோளாறு இல்லையா? ஆண்டுதோறும் நீங்கள் மனத்துக்குள் ‘போதும்’ என்றீர்கள். பக்கத்து நாற்காலிக்குக் கேட்டதா? முன் வரிசைக்குக் கேட்டதா? மேடைக்குக் கேட்டதா? ஓஸ்வால்ட் அங்கிளைக் குறை சொல்வது நியாயமா? அவரிடம் யார் சொன்னோம்? சலித்தபோதும் கைதட்டினோம், கொட்டாவி வந்தபோதும் கைதட்டினோம். அவர் பார்த்ததெல்லாம் எரிகிற பல்புகள்! எரிய விட்டது யார்? நாம்!

ஆகவே மனத்துக்குள் இருப்பதை மேலே அனுப்புங்கள். மாட்டீர்களா? சரி. விளிப்பதற்கும் ஓர் உறுப்பு எழுதி வைத்திருக்கிறேன். பெயரைப் போட்டால் போதும், ‘பெருமதிப்பிற்குரிய’ தானாக வரும். முதல் வரிசை இடப்பக்கத்திலிருந்து, ஒரு நாற்காலி விடாமல் தொடங்குகிறேன். பெருமதிப்பிற்குரிய கேரல் ஆன்ட்டி அவர்களே! பெருமதிப்பிற்குரிய கேரல் ஆன்ட்டியின் கைப்பை அவர்களே! பெருமதிப்பிற்குரிய...

ஆகா! அணைகிறது! இதோ ஒன்று, அதோ ஒரு கொத்து! ஃபாத்திமா ஆன்ட்டியுமா? கொழந்த மேல இருந்த பாசம் எங்க போச்சு ஆன்ட்டி? ஒரு வரிசை முழுக்க இருட்டு! என் வாழ்நாளில் இப்படியொரு வரவேற்பைக் கண்டதில்லை!

இன்னும் ஒன்றே ஒன்று எரிகிறது. யாருடையது? தலைவர் அவர்களே, உங்களுடையது. நீங்கள் அமுக்கினால் நான் நிற்பேன். அடுத்து உங்கள் உரை. பல்புகள் மறுபடி எரியும், பொத்தானோ இவர்கள் கையிலேயே இருக்கும். அமுக்காவிட்டால் நானே பேசிக்கொண்டிருப்பேன், அர்ஜுனன் அண்ணா வருவார். முடிவு உங்கள் விரலில்.

என்ன அங்கிள்? “கண்ணாடி கொண்டு வரலம்மா, எங்க அமுக்கறது”ஆ? செவப்பா இருக்கு பாருங்க, அதான்!

இருங்கள், நன்றி சொல்ல ஒரு பல்பு வெளிச்சம் எனக்குப் போதும். பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் அமுக்கியவர்களுக்குப் பெருநன்றி. லவினா, கிரீடத்தை நேராக வை! எல்லாருக்கும் என் வண