நாலாவது அநியாயம்

இல்ல நைனா, வரிசைய மாத்தாத. நாலாவதுக்கு இப்பவே தாவாத. கம்பெனிக்கு அறுபது வருசம் ஆச்சுன்னு விழா மலர் புஸ்தகம் போட உன்ன அனுப்பிக்கிறாங்க, சரி. முதலாளி சரித்திரம் உன் பையில கீது. சங்கத்துச் சரித்திரம் இந்த முனியன் வாயில கீது. முப்பது வருசம் செயலாளர். நானே நோட்டீஸ் எழுதி நானே பசை தடவி ஒட்டுனவன். எழுதிக்கோ.

மொதலாவது அநியாயம், எழுபத்தாறு. பெரியவரு ஹேமநாதன் சென்னீர்குப்பத்துல கொட்டாய் போட்டு கலப்பைக்குக் கொழு அடிச்சிகினு இருந்தவரு. அப்பால அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து கதிரடிக்கிற மெஷின் செஞ்சாரு. அது நெல்லையும் பதரையும் ஒண்ணாத் துப்பிச்சு. தோ, அந்த பெஞ்சுல குந்திகினு கீறாரே ஜெயபாலு, அவருதான் சல்லடைய சாச்சு வச்சுப் பிரிச்சுக் காட்டுனாரு. மெஷின் தஞ்சாவூர் வரைக்கும் போச்சு. அது மேல யார் படம்? பெரியவரு படம். ஜெயபாலுக்கு ஒரு சொம்பு. இன்னா ஜெயபாலு சிரிக்கிற, சொம்பு ஓட்டையா?

ரெண்டாவது, எம்பத்து மூணு. பொங்கலுக்கு மொத நாள் கதவடைப்பு. பூட்டுன கேட்டு முன்னாலயே பொங்கல் வச்சோம்.

மூணாவது, தொண்ணூத்தி ஒண்ணு. பெரியவரு புள்ளைங்க பாகம் பிரிச்சாங்க. லேத்து இவருக்கு, ட்ரில்லு அவருக்கு. ஆளுங்களையும் அப்டியே பிரிச்சாங்க. பதினோரு பேரு ரெண்டு லிஸ்ட்லயும் இல்ல. இப்ப பேரன் இடத்த ஃப்ளாட்டுக்காரனுக்கு வித்துட்டு மலர் போடுறாரு.

இன்னொரு டீ சொல்லவா? வேணாவா? தெரியும்பா, சாயங்காலம் அச்சுக்குப் போவுது. நான்தான் இழுக்கிறேன். இந்த டீக்கடை பூங்காவனத்துது. லோகநாதன் சம்சாரம். இருபத்தெட்டு வருசமா அது கையால டீ குடிக்கிறேன்.

சரி. நாலாவது, தொண்ணூத்தாறு. நீ மலர்ல போட்டுக்கிறது எனக்கு மனப்பாடம். லோகநாதன் என்ற தொழிலாளி தானே பெல்ட் கவரைக் கழற்றியதால் விபத்து நேர்ந்தது. அன்னிக்கும் கம்பெனி அதான் சொல்லிச்சு. மூடியில்லாம ஓடுன பெல்ட்டு அவன் துண்டப் புடிச்சு இழுத்திச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டான். நாங்க இன்னா சொன்னோம்? மெஷினுக்குக் கவரே குடுக்காத கொலைகார நிர்வாகம்னோம். எம்பத்தேழு நாள் ஸ்ட்ரைக்கு. நான் மைக் புடிச்சிகினு நிக்கிற போட்டோவப் போடப் போறியே, அது அப்ப எடுத்தது. போடாத.

கவரு இருந்திச்சு நைனா.

ஆயுத பூசைன்னா எங்க ஷெட்ல ஒரு வழக்கம். புது மெஷினுக்குக் கவரக் கழட்டி, உள்ள கீற சக்கரத்துக்கே சந்தனம் குங்குமம் வைக்கணும். தகரத்து மேல வச்சா மெஷினுக்குப் போய்ச் சேராதாம். பெரியவருதான் வைப்பாரு. அந்த மரியாத சங்கத்துக்குத்தான்னு சண்ட போட்டு வாங்குனவன் நானு. அந்த வருசம் நான் வச்சேன். அதுக்குள்ள பொரி குடுக்கக் கூப்ட்டாங்க, போயிட்டேன்.

மூணாம் நாள் ஷெட்டு தொறந்தாங்க. சரக்கு ஏத்த லாரி நிக்குது, மெஷின ஓட்றான்னு மேஸ்திரி கத்திக்கிறாரு. லோகநாதன் ஓட்டுனான்.

அன்னிக்குக் கேட்ல ரெண்டு தபா பேசிட்டு ஊட்டுக்குப் போறேன். என் சம்சாரம் கன்னியம்மா என் பூசை சட்டையத் தொவைச்சிகினு இருக்கா. யோவ், பாக்கெட்ல நாலு போல்ட்டு கீதே, இன்னாத்துக்குன்னா.

தங்கச்சி பூங்காவனம், அடுப்ப அணைச்சிட்டு இப்டி வா. நில்லு, போவாத. கவரக் கழட்டிட்டுச் செத்தவன் புள்ளன்னு உன் பையன இஸ்கூல்ல சொன்னப்போ, நீ வந்து எங்கிட்டதான் அழுத. நான் கம்பெனியத் திட்டி நோட்டீஸ் போட்டேன்.

எழுதிட்டியா நைனா? அந்தப் பழைய வரிய அடிச்சிட்டியா? எங்க சங்கத்துல எழுதுனத ரெண்டு சாட்சி முன்னால சத்தமாப் படிச்சாதான் செல்லும். குடு, நானே படிக்கிறேன். ஜெயபாலு, நீ ஒரு சாட்சி. தங்கச்சி, நீ ஒரு சாட்சி.

பெல்ட் கவரைக் கழற்றியவர், அதைத் திரும்ப மாட்டாமல் போனவர், சங்கச் செயலாளர் முனியன்.