ஏழாவது கேள்வி

நான் நின்றுகொண்டே சொல்கிறேனே அம்மா. உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும், எதிரில் இருப்பவர்களுக்கு எரிச்சல் வரும். கூட்டங்களிலும் அப்படித்தான். குறிப்பெடுக்கிறவன் ஏன் சுவரோரம் நிற்கிறான் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்குக் கவனித்ததும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் ஆட்சிக்குழுப் பிரிவு என்னுடையது. இருபத்தாறு வருடம். குழுவில் பதினைந்து பேர். பன்னிரண்டு பேர் பேராசிரியர்கள், அதிகாரிகள். மீதி மூன்று பேர் வெளியார் உறுப்பினர்கள். அவர்களுக்குப் பட்டம், பதவி எதுவும் வேண்டியதில்லை. ஊரில் மரியாதையான ஆளாக, பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவராக இருந்தால் போதும். உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஜால்ரா தட்டும்போது, வெளியிலிருந்து வந்தவர் ‘இதென்ன?’ என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதற்காகத்தான் அந்த மூன்று நாற்காலி.

யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? துணைவேந்தரோடு நடைப்பயிற்சி போகிறவர் ஒருவர். பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு தூங்குகிறவர் ஒருவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசலில் வண்டி வந்துவிட்டதா என்று எட்டிப்பார்க்கிறவர் ஒருவர். நான் கண் வலிக்க வலிக்க எழுதுகிற நடவடிக்கைக் குறிப்பை ஒருவரும் புரட்டியதுகூடக் கிடையாது. ஒருமுறை வேண்டுமென்றே நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு தப்பை விட்டேன். வராத டீன் வந்ததாக எழுதி, அவர் பேசியதாக நாலு வரியும் சேர்த்தேன். குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. டீனும் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போன வருடம் மூன்றாவது இடம் காலியானது. பத்தொன்பது பேர் விண்ணப்பம் போட்டார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ். நர்ஸக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நேர்காணலில் பதிவாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எதுக்கும்மா இந்தக் குழுவுக்கு வரணும்னு நினைக்கிறீங்க?"

நர்ஸக்கா கைப்பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்தார். "உங்க நடவடிக்கைக் குறிப்பு பூராவும் படிச்சேன். நாப்பத்தொண்ணாம் பக்கத்துல டீன் பேசினதா இருக்கு. அன்னைக்கு அவர் எங்க வார்டுல ஆபரேஷன் முடிஞ்சு மயக்கத்துல கிடந்தார். நான்தான் கட்டு மாத்தினேன். அப்ப இங்க பேசினது யாரு?"

பதிவாளர் அந்தக் கத்தையை வாங்கி நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் தேடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஜன்னலைச் சாத்துவதுபோல் போய் நின்றேன். சந்தோஷம்தான், வேறென்ன. தேர்வுக்குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். அவருக்கு நர்ஸக்காவை ரொம்பப் பிடித்துப்போய், முதல் இடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் படிவத்தைச் சரிபார்க்கிற வேலை, என் வேலை. ஏழாவது கேள்வி: நெருங்கிய உறவினர் எவரேனும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாரா, பணிபுரிகிறாரா? ‘ஆம்’ என்று எழுதியிருந்தார். கணவர், லிஃப்ட் மெக்கானிக். பொய் எழுதத் தெரியாதவர்.

விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படித் தளர்த்தித் தளர்த்தித்தான் பிஸ்கட்காரர் உள்ளே வந்தார். நான் அதற்கு உடன்படுகிற ஆள் இல்லை.

லிஃப்ட்காரரை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். தங்கமான மனுஷன், வாய் மட்டும் ஓயாது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன்.

"இன்னும் பதினாலு மாசம்தானே சார். வீட்ல சும்மா உக்காந்தா அவ என்னையும் வரிக்கு வரி படிச்சுக் குத்தம் கண்டுபிடிப்பா."

சட்டப்படி பிரிந்து வாழ்வதாக ஒரு காகிதம் இருந்தாலும் போதும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "முப்பது வருஷமா விரட்டிப் பாக்கறா சார், நான்தான் போக மாட்டேங்கறேன்" என்றார்.

நியமன உத்தரவு மாதக் கடைசிக்குள் போயாக வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வீட்டிலும் அதே கதைதான். "குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் இப்படி அலையறீங்க?" என்று மனைவி கேட்டாள். அவளிடம் என்ன சொல்ல? ஏழாவது கேள்வியை எத்தனை தரம் படித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றேன். அது நிகழ்காலத்தில் இருக்கிறது, பாருங்கள். பணிபுரிகிறாரா என்றுதான் கேட்கிறது. பணிபுரிந்தாரா என்று கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி, காலை பத்தே முக்கால் இருக்கும். நிர்வாகக் கட்டடத்தின் பழைய லிஃப்ட் மாதாந்தரப் பராமரிப்புக்காக எங்கள் மாடியில் கதவு திறந்தபடி நின்றிருந்தது. லிஃப்ட்காரர் தரைத்தளத்துக்கும் கீழே, லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். மெயின் சுவிட்சும் எங்கள் மாடியில்தான், ஒரு சின்ன அறையில். அதை அணைத்து, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற அட்டையை மாட்டி, அறையைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தார். முறையாக வேலை செய்கிறவர். நான் அட்டையைக் கழற்றி, மடங்காமல் மேசைமேல் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். லிஃப்டுக்குள் கையை நீட்டி, தரைத்தளத்துக்கான பொத்தானை அழுத்தினேன். கீழே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அது நின்றது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.

நர்ஸக்கா துக்கத்தில் இருக்கும்போது உத்தரவை நீட்டுவது அழகா? மனிதாபிமானம் வேண்டாமா? நியமனத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நானே கோப்பு எழுதினேன். அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டேன். அந்த இடைவெளியில், கணவர் சாவை விசாரிக்க வேண்டும் என்று அவர் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மனுக் கொடுத்துவிட்டார். படிவத்தின் பதினொன்றாவது கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு எதிராக வழக்கோ மனுவோ நிலுவையில் உள்ளதா? அவர் பெயரை என் கையாலேயே அடிக்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு நான் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமில்லை அம்மா. லிஃப்ட் விஷயத்தில்கூட அப்படி இல்லை.

அவர் அதோடு விட்டாரா? சாவிப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். சுவிட்ச் அறைச் சாவி, எடுத்தது 10.41, திருப்பியது 10.52, கீழே என் கையெழுத்து. கொலை பண்ணப் போகிறவன் கையெழுத்தா போடுவான் என்று நேற்று நீங்கள் சிரித்தீர்கள். சாவி எடுத்தால் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடாமல் எடுத்ததே கிடையாது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘அலுவலகப் பணி’ என்று எழுதியிருக்கிறேன். அதுவும் பொய்யில்லை. அந்தப் பதிவேட்டையும் இருபத்தாறு வருடமாக ஒருவரும் படித்ததில்லை. அவர் படித்தார். நான் தேர்ந்தெடுத்தது சரியான ஆளைத்தான் என்று இப்போதாவது உங்களுக்குப் புரிகிறதா?

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதுங்கள். ‘மரணம் விளைவித்தேன்’ என்றெல்லாம் இழுக்க வேண்டாம், ‘கொன்றேன்’ போதும். ஆனால் சீக்கிரம் எழுதுங்கள். நீங்கள் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்துவது எனக்கு என்னவோபோல் இருக்கிறது. அந்த மூன்றாவது இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. நான் இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மனு முடிந்துவிடும், பதினொன்றாவது கேள்விக்கு அவர் ‘இல்லை’ என்று எழுதலாம். திரும்ப விண்ணப்பிக்கக் கடைசித் தேதி முப்பது. இன்றைக்கு இருபத்தேழு ஆகிவிட்டது.

அவர் எப்படி அங்கே வந்து உட்காருவார் என்கிறீர்கள். ஏன் வரமாட்டார்? விதியில் என்ன தடை இருக்கிறது, சொல்லுங்கள். இப்போது அவருக்கு எங்கள் பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லையே.