தாங்கிய கால்

திறந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. எடுத்து, பக்கத்தில் ஒரு சீட்டைச் செருகி, மூடிக் கொடுப்பேன். எத்தனை கெட்டி அட்டையானாலும் முதுகு உடைந்தால் உடைந்ததுதான். நெட்டைக்கு, அவனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அதை இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது, அவன் கோபித்துக்கொள்ளவில்லை. நல்லவன் மேடம் அவன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் அலமாரியைப் பார்த்த உங்கள் காவலர், பேய்ப் புத்தகங்களா என்று கேட்டார். பேய்களும் உண்டு. அவை ரோல்பிளேயிங் விளையாட்டுக்கான புத்தகங்கள். நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, வாய்ப்பேச்சாலேயே ஒரு கதைக்குள் நடமாடுவது. ஒருவர் மட்டும் வேடம் கட்டாமல் அந்த உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். அது நான். ஜெயிப்பதா தோற்பதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுவோம். அந்த உலகத்தின் ஊர்கள், சட்டங்கள், மிருகங்கள் எல்லாம் புத்தகத்தில் இருக்கும். எனக்குப் பிடித்தது, உப்புச் சுரங்கத்துக்குள் கட்டிய ஒரு நகரத்தைப் பற்றியது. தெருவுக்குத் தெரு வரைபடம் போட்டிருப்பார்கள். ஆனால் கூட விளையாட ஆளில்லாமல் அதைப் படிப்பது, சமையல் குறிப்பைப் படித்துப் பசியாறுவது மாதிரி. கல்யாணம், மாற்றல், குழந்தை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, என் மேசை காலியாகிவிட்டது.

நெட்டை லிஃப்ட் மெக்கானிக். உயரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் பிசியோ, பயிற்சி கொடுக்கப் போனேன். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவன் குடியிருந்த நாலாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது. காலை மடக்கும்போது வலியில் பல்லைக் கடிப்பான். கவனத்தைத் திருப்ப உப்பு நகரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிறகு அவன் மனைவி சேர்ந்தாள். கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடைக்காரர் சேர்ந்தார். கட்டிலே எங்கள் மேசை. நெட்டை எடுத்துக்கொண்ட வேடம், கூரைக்குக் கூரை தாவி ஓடும் தூதன். படுத்துக் கிடப்பவன் வேறு எதற்கு ஆசைப்படுவான்?

என் வாழ்க்கையில் நான் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஒரு நாள் தன் காலை நீட்டிக்கொண்டே சொன்னான், "கால் சரியானதும் நாங்க சொந்த ஊருக்கே கிளம்பறோம்டா. அங்க என் தம்பி வேலை பார்த்து வெச்சிருக்கான்."

விளையாட்டு என்னாவது என்று கேட்டேன். போனில் பேசிக்கொள்ளலாம் என்றான். சிரித்தேன். அன்று அவன் தொடையை அழுத்திப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது, நிற்கலாம். "இன்னும் தாங்காதுடா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இங்கே சுவர் இருக்கிறது என்று நான் சொன்னால் விளையாடுகிறவர்கள் திரும்பிவிடுவார்கள். யாரும் கையை நீட்டித் தடவிப் பார்ப்பதில்லை.

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். கூடுவது வேறு, தாங்குவது வேறு என்று நான் விளக்கினேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர். நான் வீட்டு மனிதன். உட்கார வைத்த கால் சூம்பும் என்பது என் தொழிலில் பாலபாடம். சூம்பியது. வரைபடத்தில் வெளிச்சம் விழட்டும் என்று கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன். அதற்குப் பிறகு அவனுக்கு முன்னால் சுவர், முதுகுப் பக்கம் ஜன்னல். கொஞ்ச நாள் தெருவில் என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அதையும் விட்டுவிட்டு, உப்பு நகரத்துத் தெருக்களைப் பற்றி மட்டும் கேட்டான்.

பிறகு ஒரு காலையில் அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, நேத்து கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுட்டாரு. நீங்க வந்ததும் காட்டணும்னு உக்காந்திருக்காரு." குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. உடனே வருகிறேன் என்றேன்.

போனதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நின்றான். அந்தக் கால் தாங்கியது மேடம். "பார்த்தியாடா" என்று சிரித்தான். நான் தள்ளினேன் என்று அவள் எழுதிக் கொடுத்திருப்பது சரியல்ல. தள்ளவில்லை. அவன் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தானோ, அந்தப் பக்கம் தாங்கியிருந்த என் கையை எடுத்துக்கொண்டேன்.

இடுப்பு முறிந்தது. தரையில் கிடந்தவனிடம் குனிந்து, நான் சொன்னேனேடா என்றேன்.

"ஆமாடா. நீ சொன்னே. நான்தான் கேக்கல" என்றான். என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டான்.

புது ஆஸ்பத்திரியில் இருந்த பிசியோ பெண் கெட்டிக்காரி. பழைய எலும்பையும் சூம்பிய தொடையையும் பார்த்துவிட்டு, இத்தனை மாதம் ஏன் நடக்கவிடவில்லை என்று கேட்டாளாம். அதன் பிறகுதான் அவன் மனைவி உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. இனி அவன் நடப்பது கஷ்டம் என்கிறார்கள். என் கணிப்பும் அதுதான்.

ஒன்றை மட்டும் நியாயமாகப் பதிவு செய்யுங்கள். முடிவெடுத்தது நான் இல்லை. அன்று படியேறும்போது பாதியில் நின்று, எங்கள் விளையாட்டின் இருபது முகப் பகடையை எடுத்தேன். பத்துக்கு மேல் விழுந்தால் அவனை நடக்கவிடுவது, குறைந்தால் கையை எடுப்பது. பகடைக்கு யார்மேலும் விருப்பு வெறுப்பு கிடையாது. அது சொன்னதை நான் ஒருநாளும் மீறியதில்லை. மூன்று விழுந்தது. அதற்கு முன்னால் உருட்டியவை, படிக்கட்டு குறுகல் என்பதால், சரியாக உருளவில்லை.