நூத்திப் பன்னண்டு கேள்வி

இல்லக்கா, அவரு இப்பதான் உள்ள போனாரு. தனித்தனியாத்தான் கேப்பாங்களாம். அவரு வெளிய வந்ததும் என்னைக் கூப்பிடுவாங்க, அப்ப நீங்களும் என்கூட வரணும். எங்க வீட்டுக்காரருக்கு இந்த ஊரு பாஷை தண்ணி பட்ட பாடு. ஏழு வருஷமா இருக்காரு, அவருக்கு மொழிபெயர்க்க ஆளு வேணாம். எனக்குத்தான் உங்களப் போட்டிருக்காங்க. அக்கான்னு கூப்பிடலாம்ல? அதுக்கும் ஏதாவது ரூல் இருக்கா?

தலைய மட்டும் ஆட்டறீங்க. புரியுது, புரியுது. உள்ள போறதுக்கு முன்னாடி நீங்க என்கிட்ட கேஸ் பத்திப் பேசக்கூடாது. லெட்டர்ல போட்டிருந்துச்சு, படிச்சேன். மொழிபெயர்ப்பாளர் விண்ணப்பதாரருடன் உரையாடக் கூடாது. ஆனா விண்ணப்பதாரர் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல. ரெண்டு தடவ தேடிப் பாத்துட்டேன். அதனால நான் பேசறேன், நீங்க சும்மா உக்காந்திருங்க. எனக்கு இன்னிக்கு யார்கிட்டயாவது பேசியே ஆகணும்.

ஆமா, காகிதம் படிக்கறதுதான் என் தொழிலே. ஒம்பது வருஷம் கவுண்டர்ல உக்காந்திருந்தேன். இருப்பிடச் சான்று கவுண்டர். எவன் எந்த வீட்ல குடியிருக்கான்னு பாத்து சீல் வெச்சுக் குடுக்கறது நான். போட்டோல காது தெரியலன்னா திருப்பி அனுப்புவேன். ஜெராக்ஸ் மங்கலா இருந்தா திருப்பி அனுப்புவேன். ஒரு மணிக்கு ஷட்டர இறக்கினேன்னா எதிர்ல எமனே வந்து நின்னாலும் ரெண்டு மணிக்குத்தான் தூக்குவேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்வாங்கல்ல? நான்தான் அந்தப் பூசாரி. எத்தன பேரு வயிறெரிஞ்சு சாபம் விட்டாங்களோ, எல்லாம் மொத்தமா இங்க வந்து பலிச்சிருச்சு.

அவருகூட வந்து இருக்க விசா கேட்டேன். மொதல்ல கல்யாணச் சான்று கேட்டாங்க, குடுத்தேன். மொழிபெயர்ப்பு கேட்டாங்க, குடுத்தேன். மொழிபெயர்ப்பு சரிதான்னு ஒரு முத்திரை. அந்த முத்திரை குத்தினவருக்கு முத்திரை குத்த அதிகாரம் இருக்குன்னு இன்னொரு முத்திரை. அது வந்து சேர்றதுக்குள்ள மொதக் காகிதம் காலாவதி. மூணு மாசம்தான் செல்லுமாம். கல்யாணம் எங்கயாவது மூணு மாசத்துல காலாவதி ஆகுமாக்கா? சிரிங்க, பரவால்ல, சிரிக்கறதுக்குத் தடையில்ல. நான் சிரிக்கல. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். மூணு தடவ. எங்க ஆபீஸ் பியூன் என்னைப் பாத்துக் கேட்டாரு, என்னம்மா, கல்யாணம் பண்ணிக்கிட்டது புருஷனையா, ஜெராக்ஸ் மிஷினையான்னு.

கல்யாணம் ஆகிப் பதினேழாம் நாள் அவரு கிளம்பிட்டாரு. லீவு அவ்ளோதான். இங்க ஒரு குளிர்பதனக் கிடங்குல சூப்பர்வைசர். மீனு, கறி எல்லாம் ஐஸ்ல வெச்சு அனுப்பற எடம். ஆளு அமைதி. ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. எங்கம்மாவுக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு. அதிகம் பேசற உனக்கு இதுதான் சரியான ஜோடின்னாங்க.

அந்தப் பதினேழு நாள வெச்சுத்தான் நாங்க புருஷன் பொண்டாட்டின்னு நிரூபிக்கணும். அங்க தூதரகத்துல என்னைக் கேப்பாங்க, இங்க இதே ஆபீஸ்ல அவரைக் கேப்பாங்க, ஒரே நாள்ல. அப்புறம் ரெண்டு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. உங்க கணவர் எந்தப் பக்கம் படுப்பாரு, டீக்குச் சக்கரை எவ்ளோ, மாமியாருக்கு என்ன வியாதி. இப்படி. நான் சும்மா விடுவேனா? ஏற்கனவே போய்ட்டு வந்தவங்களையெல்லாம் பிடிச்சு, என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்கன்னு கேட்டு ஒரு நோட்டு போட்டேன். நூத்திப் பன்னண்டு கேள்வி. எதிர்ல பதிலு. ஓரத்துல சிவப்பு மையில டிக்கு.

தெனமும் போன்ல பத்துக் கேள்வி. அவரு கேப்பாரு, நான் சொல்லணும். நான் கேப்பேன், அவரு சொல்லணும். தப்பாச் சொன்னா மறுபடி மொதல்லேருந்து. அந்த அமைதியான மனுஷன் விழுந்து விழுந்து சிரிப்பாருக்கா. நான் மொதல்ல வாங்கிக் குடுத்த பரிசு என்னன்னு ஒரு கேள்வி. நீல நிறக் கைக்கடிகாரம், பட்டை தளர்வாக இருந்தமையால் ஒரு கண்ணி கழற்றப்பட்டது. நான் எழுதினது அப்படி, நமக்கு ஆபீஸ் தமிழ்தானே கையில வரும். அவரும் அதையே ஒப்பிப்பாரு, கழற்றப்பட்டதுன்னு. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விக்கல் வந்துரும். உண்மையச் சொல்லணும்னா, நாங்க குடும்பம் நடத்தினது அந்த ஆறு மாசம்தான்.

அப்புறம் என்ன? இன்டர்வியூ முடிஞ்சுது. நூத்துக்கு நூறுன்னு நெனச்சு நான் ஆபீஸ் முழுக்க இனிப்பு குடுத்துட்டேன். ஆறாவது வாரம் லெட்டர் வந்துச்சு. நிராகரிக்கப்பட்டது. காரணம், இந்தத் திருமண உறவு உண்மையானது என்று நாங்கள் நம்பவில்லை.

ஏன்னு கேளுங்க. ரெண்டு பேரும் ஒரே பதிலு. கடிகாரம், பட்டை, கண்ணி, கழற்றப்பட்டது வரைக்கும் ஒண்ணா. சரி, அதக்கூட விட்ருவாங்களாம். கல்யாணத்துக்கப்புறம் ஒரு நாள் ஏரிக்குப் படகு ஓட்டப் போனோம். நான் நோட்டுல எழுதும்போது தேதிய மாத்தி எழுதிட்டேன், ஒம்பதுக்குப் பதிலா பன்னண்டு. நாங்க குடுத்த போட்டோலயே ஒம்பதுன்னு தேதி அடிச்சிருக்கு. நான் தூதரகத்துல பன்னண்டுன்னேன். இவரும் இங்க பன்னண்டுன்னாரு. சரியான பதிலு ஒரே மாதிரி இருந்தா பரவால்லக்கா. தப்பு ஒரே மாதிரி இருந்தா அது காப்பி. ஒம்பது வருஷத்துல எத்தன போலி விண்ணப்பத்த நானே இதே மாதிரி பிடிச்சிருக்கேன்! ஒரே ஆளு எழுதிக் குடுத்த பத்து விண்ணப்பத்துல ஒரே தெருப் பேரு தப்பா இருக்கும், அதோட கதை முடிஞ்சுது. அந்தக் கவுண்டர்ல நான் இருந்திருந்தாலும் எங்களத் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

ஆனா அன்னிக்கு எனக்கு அப்படித் தோணல. எவனோ ஒருத்தன், முகம் கூடப் பாக்காதவன், என் கல்யாணம் பொய்ன்னு எழுதிட்டான். ரத்தம் கொதிச்சுது. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. விடேன், கொஞ்ச நாள் போகட்டும், நானே வந்துட்டுப் போறேன்னாரு. நான் விடல. பதினாலு பக்கம் மேல்முறையீடு எழுதினேன். போன் பேசின லிஸ்டு, தெனமும் எத்தன நிமிஷம்னு. அவரு கையெழுத்து போட்ட பார்சல் ரசீது. அந்த நோட்டையே ஆதாரமா வெச்சேன். பொய்க் கல்யாணம் பண்ணினவ இப்படி உக்காந்து மனப்பாடம் பண்ணுவாளான்னு கேட்டேன். ஒம்பது மாசம் இழுத்தடிச்சாங்க. கடைசில ஜெயிச்சேன். முந்தைய முடிவு தவறுன்னு அவங்களே எழுதிக் குடுத்தாங்க. அந்த லெட்டர பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கேன். ஒன்றரை வருஷம் சம்பளமில்லா லீவு எழுதிக் குடுத்துட்டு விமானம் ஏறிட்டேன்.

இங்க வந்தா, தங்கறதுக்குக் குடுத்த கார்டுல பேருக்குக் கீழ போட்டிருக்கான், சார்ந்து வாழ்பவர்னு. ஊருக்கே சான்று குடுத்தவ! வங்கிக் கணக்கு தொறக்க அவரு கையெழுத்து. பஸ் பாஸுக்கு அவரு கையெழுத்து. சலவைக் கம்பெனில வேலைக்குச் சேர அவரு சம்மதக் கடிதம். ஆமா, வேலைக்குப் போறேன். ஹோட்டல் பெட்ஷீட்டு மடிக்கற வேலை. இந்த முனைய நான் பிடிப்பேன், அந்த முனைய இன்னொரு பொண்ணு பிடிப்பா. அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனா ஒரு நாளைக்கு எழுநூறு ஷீட்டு, ஒரு சுருக்கம் விழாது.

இன்னிக்குப் பாஸாச்சுன்னா அந்தக் கார்ட ரெண்டு வருஷம் நீட்டிப்பாங்க. அதுக்கப்புறம் எனக்குன்னு தனி பர்மிட்டு கேக்கலாம். இல்லன்னா முப்பது நாள்ல பெட்டியக் கட்டணும். என்ன, கடிகாரம் பாக்கறீங்க? இருபது நிமிஷம் ஆச்சு. அவரு நிதானமாப் பேசுவாரு, லேட்டாத்தான் ஆகும்.

இந்தப் புதுப்பிக்கற வேலையிலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. நாலு மாசத்துக்கு முன்னாடியே நான் காகிதமெல்லாம் சேக்க ஆரம்பிச்சேன், என் குணம் அது. வாடகை ஒப்பந்தம், கரண்டு பில்லு, அவரு சம்பளச் சீட்டு. சம்பளச் சீட்டுல வேற விலாசம். எங்க வீட்டு விலாசம் இல்ல. பழைய விலாசமா இருக்கும், மாத்த மறந்திருப்பாருன்னு நெனச்சேன். நான் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேச்சிலருங்களோட ஒரு ரூம்ல இருந்தேன்னு சொல்லியிருந்தாரு. சரி, நாமே போய் அந்த வீட்டுக்காரர்கிட்ட காலி பண்ணினதுக்கு ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துரலாம், பின்னாடி எவனும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு பஸ் ஏறினேன். அவரு கிடங்குல இருந்தாரு. வாரத்துல நாலு நாள் ஷிப்டு, அங்கயே தங்கிக்குவேன்னு சொல்வாரு.

கதவத் தொறந்தது ஒரு பொம்பள. என் வயசுதான் இருக்கும். அவ பின்னாடி ஆணியில அவரு ஜாக்கெட்டு தொங்குது. கிடங்குல குடுத்த ஆரஞ்சுக் கலர் ஜாக்கெட்டு, நெஞ்சுல அவரு நம்பரு. அவளுக்கு நான் யாருன்னு உடனே தெரிஞ்சுது. சத்தம் போடல. உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தா. அஞ்சு வருஷமாம். நான் வர்றதுக்கு முன்னாடி, கல்யாணத்துக்கு முன்னாடி. நூத்திப் பன்னண்டு கேள்வி எழுதினவளுக்கு, வேற யாராவது இருக்காங்களான்னு ஒண்ணு கேக்கத் தோணலக்கா.

இல்ல, வேணாம், டிஷ்யூ என்கிட்டயே இருக்கு.

கேட்டேன். வீட்ல கல்யாணம் பண்ணிக்கச் சொன்னாங்க, தட்ட முடியலன்னாரு. அப்ப நான் மேல்முறையீடு எழுதும்போதாவது சொல்லியிருக்கலாமேன்னேன். நீ அவ்ளோ ஆசையா எழுதினே, எப்படிச் சொல்றதுன்னாரு. இதுதான் பதிலு! அன்னிக்கே துணிய எடுத்துக்கிட்டு அங்க போயிட்டாரு. அடிச்சாரு, திட்டினாருன்னு சொன்னா பொய். நல்லவருதான். அதுதான் எனக்கு எரியுது. என்னை நம்ப மாட்டேன்னு எழுதினானே அந்த ஆபீசரு, அவன் கரெக்டாத்தான் எழுதியிருக்கான். நான்தான் பதினாலு பக்கம் எழுதி அவனத் தப்புன்னு ஆக்கிட்டேன்.

நேத்து சாயங்காலம் ஒரு பையோட வந்தாரு. வீட்ட வந்து பாப்பாங்களாம், அதுக்காக. ரெண்டு சட்டைய அலமாரில மாட்டினாரு, பிரஷ்ஷ என் பிரஷ்ஷுக்குப் பக்கத்துல வெச்சாரு, செருப்ப வாசல்ல போட்டாரு. உக்காந்து சொன்னாரு, ரெண்டே வருஷம் இப்படிச் சொல்லிட்டா உனக்குத் தனி பர்மிட்டு வந்துரும், அப்புறம் உன் இஷ்டம், நான் உனக்குச் செய்யற பரிகாரமா இருக்கட்டும்னு. நல்ல மனசோடதான் சொன்னாரு. இப்ப உள்ள உக்காந்து அதத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு. இடது பக்கம் நான் படுப்பேன், வலது பக்கம் அவ படுப்பா, நேத்து ராத்திரி ரெண்டு பேரும் சேந்துதான் சாப்பிட்டோம்னு. நானும் அதையே சொன்னேன்னா கண்டிப்பா பாஸ். எல்லாக் காகிதமும் பக்கா, சம்பளச் சீட்டு விலாசம் கூட மாத்தியாச்சு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுல எனக்கு அனுபவம் இருக்கு, இத்தன நாளா அம்மாகிட்ட போன்ல அதத்தானே செய்யறேன்.

என் லீவு அடுத்த மாசக் கடைசில முடியுது. ஆபீஸ்ல இன்னும் என் நாற்காலி இருக்கு. ஊர்ல எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசுவாங்க, பேசட்டும். எங்கம்மாகிட்ட சொல்றதுதான் கஷ்டம். பாஸாகி இங்கயே இருக்கறது அதவிடக் கஷ்டம்னு காலைல பிரஷ்ஷப் பாத்தப்ப தெரிஞ்சுது.

கதவு தொறக்குது பாருங்க. அவருதான். கட்டைவிரலக் காட்டறாரு, எல்லாம் நல்லாச் சொல்லிட்டாராம்.

உங்களுக்கு ஏன் இவ்ளோ நேரம் இதெல்லாம் சொன்னேன்னு நெனப்பீங்க. உள்ள போய் அந்த ஆபீசர் முகத்தப் பாத்தா எனக்குப் பழக்க தோஷத்துல பொய் சரளமா வந்துரும்க்கா. உண்மை தெரிஞ்ச ஒரு ஆளு பக்கத்துல உக்காந்திருந்தா வராது. என் பேரக் கூப்பிடறாங்க. வாங்க.