‘நாலு கரை’க்கு வந்த தாள்

இந்த அறையின் ஜன்னல் சரியாக மூடுவதில்லை, துரையவர்களே. வாடைக்காற்று அடித்தால் உங்கள் எழுத்தரின் மேசையில் இருப்பதெல்லாம் பறந்துவிடும். மேலே ஒரு கல்லையாவது வைக்கச் சொல்லுங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் கால் பரபரக்கிறது. குப்பத்தார் இந்தக் கோட்டைக்கு மீன் கொண்டுவருவதை நிறுத்தி, நீங்கள் விசாரணை என்று ஆரம்பித்ததிலிருந்தே எனக்கு இப்படித்தான் இருக்கிறது.

தெய்வசிகாமணி என்ற என் பெயர் பழவேற்காட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒல்லாந்தராகிய உங்களுக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலை பார்த்தது வயிற்றுக்காக. மனசுக்காக நடத்தியது ‘நாலு கரை’ என்ற கையெழுத்து இதழ். தமிழ், தெலுங்கு, ஒல்லாந்து, மலாய் என்று நான்கு பத்திகள். ஒரு கரையின் வழக்கத்தை மற்ற கரைகளும் தெரிந்துகொள்ள வேண்டும், கடல் நடுவில் கிடந்தாலும் மனிதர்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஜாவாவில் கல்யாணம் எப்படி நடக்கிறது என்று இங்கே கேட்டார்கள். நாம் வலைக்கு மரப்பட்டைச் சாயம் ஏற்றுவதை அந்த ஜாவாவின் பத்தாவியா துறைமுகத்தில் படித்தார்கள். நான்கு பத்தியிலும் ஒரே விஷயம்தான் இருக்கும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிரதி எடுக்கும் எழுத்தன் ஒரு வரியை விட்டுவிட்டால் அந்தப் பிரதியைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் முன்கோபி.

இதழ் தயாரானதும் குப்பத்துக்குப் போய் உரக்க வாசிப்பேன். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். தசரதன் என்கிற மீன்பிடிக்காரன் மட்டும் வலையை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்து உட்காருவான். “அந்த ஊர்லயும் நம்மளமாரி கருவாடு போடறாங்களா சாமி? உப்பு எங்கேர்ந்து எடுக்கறாங்க?” என்று குடைவான். எழுத்து தெரியாதவன். ஆனால் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வாசகன் அவன்தான். அவனை எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

பிறகு கோட்டையிலிருந்து எனக்குத் தாள் தருவதை நிறுத்தினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதழ் நின்றுபோனதும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சோறு இறங்கவில்லை, கரையோரம் போவதும் வருவதுமாக இருந்தேன். அப்போதுதான் கப்பித்தான் ரூலோஃப் தன் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“என்னிடம் தாள் மூட்டை மூட்டையாக இருக்கிறது. பத்தாவியாவில் தோட்டத்துக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை” என்றான். ஒரு தாளை எடுத்துத் தடவிப் பார்க்கக் கொடுத்தான். மை ஊறாத கெட்டித் தாள். “இந்த மீனவர்களைப் பற்றி எழுதேன், படிக்க ஆசையாக இருக்கிறது.” வாசகன் கேட்டால் எழுத வேண்டியதுதானே?

தசரதனிடம் போய்ப் பாடு முறையைப் பற்றிக் கேட்டேன். ஏரியில் எந்த இடத்தில் எந்தக் கூட்டத்தார் எப்போது வலை போடுவது என்று அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அது.

“பாடு வந்துச்சுன்னா முகத்துவாரத்து மணல்திட்டுல நாங்க மட்டும்தான் சாமி. முடியறவரைக்கும் அங்கியே கெடப்போம். அடுத்தவன் அந்தப் பக்கம் தலவெச்சுகூட படுக்க மாட்டான்.”

“யாராவது நெருப்புக் கேட்டு வந்தால்?”

“குந்தவெச்சு சோறு போட்டுதான் அனுப்பணும். இல்லன்னா வலைக்கு ஆவாதுனு எங்க நைனா சொல்லும். இதெல்லாம் எய்தி இன்னா பண்ணப் போறீங்க? நம்ம பேரும் வருமா?”

“நாலு மொழியிலும் வரும்” என்றேன். அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை. எழுதி முடித்ததும் முதல் பிரதியைக் கப்பித்தானிடம் கொடுத்தேன்.

நடந்தது நல்ல பகலில். கப்பல் ஆட்கள் சிறு படகில் மணல்திட்டுக்குப் போய் நெருப்புக் கேட்டார்கள். தசரதன் கூட்டத்தார் வழக்கப்படி உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். பிறகு சோறு போட்டவர்கள் கை கழுவக் குனிந்தபோது கப்பல் ஆட்கள் அவர்களைக் கட்டித் தூக்கிப்போய்விட்டார்களாம். யாருக்கும் பெரிய காயமில்லை என்று கப்பித்தான் சொன்னான். எனக்கு நிம்மதியாக இருந்தது. பாடு முடிகிறவரை யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. போனபோது படகுகளும் சோற்றுப் பானையும்தான் இருந்தன. அதற்குள் கப்பல் போய்விட்டது. அவர்கள் வழக்கத்தை மீறமாட்டார்கள் என்று நான் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

புதுத் தாளில் மற்றப் பிரதிகளும் தயாரானதும் தசரதன் பெண்டாட்டி பொன்னியம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். “கப்பல் போன ஊரு பாஷயில இருக்கறத வாசிங்க சாமி. எங்க ஆளு பேரு வருதானு கேக்கறேன்” என்றாள். மலாய்ப் பத்தியை வாசித்தேன். ஒன்றும் புரியாமல் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். வழக்கத்தைச் சொன்னவன் என்று அவன் பெயரைப் போட்டிருந்தேன் இல்லையா, அந்த இடம் வந்ததும் கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். விளக்கிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “சௌக்கியமாக இருக்கிறானாம்” என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு இதழுக்கும் வருகிறாள். நானும் ஏதாவது ஓர் இடத்தில் அவன் பெயரைச் சேர்த்து வாசித்துவிடுகிறேன். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

வழக்கத்தை எழுதினால் சரி, நாள் எப்படிக் கப்பித்தானுக்குத் தெரிந்தது என்று கேட்கிறீர்கள். நீங்கள் ஒல்லாந்துப் பத்தியைப் படித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. ஆமாம், அதில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. அமாவாசை கழிந்ததும் பாடு தசரதன் கூட்டத்துக்கு, எல்லாரும் திடமானவர்கள், கையில் ஆயுதம் இருக்காது. நான்தான் என் கையால் எழுதினேன். மற்ற மூன்று மொழிக்காரருக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் தசரதனுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. அவன் பெயர் நாலு மொழியிலும் வந்திருக்கிறது. பத்தாவியாவில் யாராவது அதை அவனுக்கு வாசித்துக் காட்டினால் ரொம்பச் சந்தோஷப்படுவான்.